எண்பத்து மூன்று பிஎஸ் எங்கே போகிறது? ஒரு ஸ்விஃப்ட் காரின் திறனை அளந்து பார்த்த பதிவு

எங்கள் வீட்டில் ஓடுவது 2018ஆம் ஆண்டின் பெட்ரோல் ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் என்ஜின், ஐந்து கியர், கையால் மாற்றுவது. இந்த என்ஜினின் உச்சத் திறன் ஓரிடத்தில் 61 கிலோவாட் என்றும், இன்னோரிடத்தில் 83 பிஎஸ் என்றும், வேறோரிடத்தில் 82 பிஎச்பி என்றும் எழுதப்பட்டிருக்கும். மூன்றும் நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் கிடைப்பதாகச் சொல்லப்படுபவை. மெக்கானிக்கல் படிக்கும் என் அக்கா மகன் ஒருநாள் கையேட்டைப் புரட்டிவிட்டு, "இதை யாரு மாமா அளந்து பாத்தாங்க? நாமளும் அளக்க முடியுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி நான்கு வார இறுதிகளையும் ஒரு டேங்க் பெட்ரோலையும் சாப்பிட்டது.

முதலில் அலகுக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டோம். ஜேம்ஸ் வாட் வரையறுத்த குதிரைத்திறன் (எச்பி, பிஎச்பி என்று எழுதப்படுவது) என்பது 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் வேலை; இன்றைய கணக்கில் 745.7 வாட். ஜெர்மானியர்களின் பிஎஸ் என்பது 75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது, அது 735.5 வாட். ஆகவே 61 கிலோவாட்டை ஒன்றால் வகுத்தால் 82, மற்றொன்றால் வகுத்தால் 83. ஏமாற்று எதுவும் இல்லை. பெரிய எண் விளம்பரத்துக்கு உகந்தது, அவ்வளவுதான். நாங்கள் கிலோவாட்டில் கணக்கிட்டு, கடைசியில் மட்டும் பிஎஸ்ஸுக்கு மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

திறனை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அளக்கப்படுவது முறுக்குவிசையும் (என்ஜின் தன் தண்டைத் திருகும் விசை) சுழற்சி வேகமும்தான்; நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையைச் சுழற்சி எண்ணால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். எங்கள் காரின் 61 கிலோவாட்டை 6,000 சுழற்சிக்குத் திருப்பிப் போட்டால் ஏறத்தாழ 97 நியூட்டன் மீட்டர் வருகிறது. இந்த என்ஜினின் உச்ச முறுக்குவிசையாகச் சொல்லப்படும் 113 நியூட்டன் மீட்டர் கிடைப்பதோ 4,200 சுழற்சியில். அங்கே திறன் 50 கிலோவாட்டைக்கூடத் தொடுவதில்லை. பொறியியல் கல்லூரியின் ஹீட் என்ஜின் ஆய்வகத்தில் ஐந்து எச்பி டீசல் என்ஜினின் சக்கரத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் எடையும் மறுமுனையில் சுருள்வில் தராசும் மாட்டி, டிரம் சூடாகாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அளந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் தெ ப்ரோனி 1821இல் செய்த தடுப்பானும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்தது. இன்றைய சோதனை மேடைகளில் கயிற்றின் இடத்தை நீரோ சுழல் மின்னோட்டமோ மின்மோட்டாரோ பிடித்துக்கொண்டிருக்கிறது. தராசின் இடத்தில், விசையை மின்குறியாக மாற்றிக் காட்டும் லோட் செல் இருக்கிறது.

உற்பத்தியாளர் சொல்லும் எண் அப்படிப்பட்ட மேடையில், காரிலிருந்து கழற்றிய என்ஜினை வைத்து எடுக்கப்படுவது. ஐ.நா.வின் 85ஆம் எண் ஒழுங்குமுறையைப் படித்தபோது எங்களுக்குப் பல விஷயங்கள் தெளிந்தன. ஏர் ஃபில்டர், சைலன்சர், தண்ணீர்ப் பம்பு, ஆல்டர்னேட்டர் போன்ற, என்ஜின் ஓடத் தேவையானவை மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஏசி கம்ப்ரசர் போன்ற, வண்டிக்கு மட்டும் தேவையானவை இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுழற்சி வேகத்திலும் முறுக்குவிசையும் வேகமும் வெப்பநிலைகளும் குறைந்தது ஒரு நிமிடமாவது மாறாமல் நின்ற பிறகே அளவைக் குறிக்க வேண்டும். அறிவித்த உச்சத் திறனுக்கும் சோதனையில் வந்ததற்கும் இடையில் 2 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்கு புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி ஆகிய நிலையங்கள் இருக்கின்றன.

எதை மாட்டி அளந்தார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவின் பழைய கணக்கு போதும். அங்கே 1971 வரை ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல் மொட்டை என்ஜினை ஓட்டி எடுத்த 'கிராஸ்' எண்ணைத்தான் விளம்பரம் செய்தார்கள். 1972இல் எல்லாவற்றையும் மாட்டி அளந்த 'நெட்' எண்ணுக்கு மாறினார்கள். கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்படை 350 கன அங்குல என்ஜின் 1971இல் 270 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது, 1972இல் 200 என்று விற்கப்பட்டது. ஓட்டியவருக்கு எழுபது குதிரைகள் காணாமல் போகவில்லை. அவை காகிதத்தில் மட்டுமே இருந்தவை. விதிகளின் சந்துபொந்துகள் அதன் பிறகும் இருந்தன. 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு அமெரிக்காவில் முதலில் 155 என்று சொல்லி, பிறகு 142 என்று திருத்தி, விரும்பியவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அந்நிறுவனம் முன்வர வேண்டியிருந்தது. 2005இல் எஸ்ஏஇ என்ற அமெரிக்க வாகனப் பொறியாளர் அமைப்பு, சோதனை நடக்கும்போது சுயேச்சையான சாட்சி ஒருவர் உடனிருந்து பார்த்துச் சான்று தரும் முறையைக் கொண்டுவந்தது. அப்படிச் சான்று பெற்ற முதல் என்ஜின் கார்வெட் இசட்06இன் எல்எஸ்7, அதன் எண் 505. அதே காலத்தில் விதிகளை இறுக்கியபோது டொயோட்டா கேம்ரியின் மூன்று லிட்டர் வி6 என்ஜின், ஒரு திருகைக்கூட மாற்றாமல், 210இலிருந்து 190க்கு இறங்கியது.

எங்களிடம் என்ஜின் சோதனை மேடை இல்லை. என்ஜினைக் கழற்றும் துணிச்சலும் இல்லை. இருந்தது சாலையும் நியூட்டனின் இரண்டாம் விதியும். காரின் நிறையும், அது எவ்வளவு வேகமாக வேகமெடுக்கிறது என்பதும், காற்றும் டயரும் எவ்வளவு பின்னுக்கு இழுக்கின்றன என்பதும் தெரிந்தால் சக்கரத்தில் கிடைக்கும் திறனைக் கணக்கிட்டுவிடலாம். ஓட்டுநர், பக்கத்து இருக்கையில் மருமகன், பாதி டேங்க் பெட்ரோல், கருவிகள் எல்லாவற்றோடும் லாரி எடை மேடையில் ஏற்றினோம். 1,020 கிலோ காட்டியது. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும் என்பதால் அங்கேயே ஒரு சதவீதம் ஐயம் சேர்ந்துவிட்டது.

கார் முன்னே நகரும்போது சக்கரங்களும் ஃப்ளைவீலும் சுழலவும் வேண்டும். அவற்றைச் சுழற்றுவதற்கும் திறன் செலவாகிறது. முதல் கணக்கில் இதை மறந்துவிட்டு, கார் இவ்வளவு நோஞ்சானா என்று வருத்தப்பட்டோம். நான்கு சக்கரங்களின் சுழல் நிலைமம் ஏறத்தாழ 37 கிலோ கூடுதல் நிறைக்குச் சமம் என்று கணித்தோம். என்ஜினின் சுழலும் பாகங்களுக்கு இரண்டாம் கியரில் ஏறத்தாழ 84 கிலோ சேர்க்க வேண்டியிருந்தது. கியர் குறையக் குறைய இந்தச் சுமை கியர் விகிதத்தின் இருமடியில் ஏறும். மூன்றாம் கியரில் ஓட்டியிருந்தால் இது பாதிக்கும் குறைவாக ஆகியிருக்கும், ஆனால் மூன்றாம் கியரில் 6,000 சுழற்சி என்பது மணிக்கு 125 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பொதுச் சாலையில் அது கூடாது. இரண்டாம் கியரில் அதே சுழற்சி 85 கிலோமீட்டருக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது. ஆகவே மொத்தக் கணக்கு நிறை 1,141 கிலோ என்று வைத்துக்கொண்டோம். இதில் 84 என்ற எண் அளந்ததல்ல, மதிப்பிட்டது; இருபது கிலோ முன்பின் இருக்கலாம்.

அடுத்த சறுக்கல் கைபேசியால் வந்தது. அதன் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு முறைதான் வேகத்தைக் குறிக்கிறது. இரண்டாம் கியரில் அறுபதிலிருந்து எண்பத்தெட்டுக்குப் போக நான்கு விநாடி ஆகிறது என்றால், கையில் கிடைப்பவை நான்கு புள்ளிகள். அவற்றை வைத்துக் கோடு போட்டதில் ஒரு ஓட்டத்துக்கு 58 பிஎஸ், இன்னொன்றுக்கு 97 பிஎஸ் என்று வந்தது. அன்று இரவு மருமகன் தன் கல்லூரியின் பந்தயக் கார் குழுவிடமிருந்து விநாடிக்குப் பத்து முறை குறிக்கும் பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். அதற்குப் பிறகுதான் இந்த வேலை அளவீடு என்ற பெயருக்குத் தகுதியானது.

பின்னிழுவையை அளப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். கோவைக்கு வெளியே நான்கு வழிச்சாலையில், விடியற்காலை ஐந்தரைக்கு, பின்னால் வண்டி எதுவும் இல்லாத நேரமாகப் பார்த்து, 90 கிலோமீட்டர் வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டோம். 88இலிருந்து 80க்கு இறங்க சராசரியாக 6.8 விநாடி ஆனது. நியூட்ரலில் என்ஜின் பாகங்களின் கூடுதல் நிறை சேராது என்பதால் 1,057 கிலோவை வைத்துக் கணக்கிட்டால், 84 கிலோமீட்டர் வேகத்தில் காரைப் பின்னுக்கு இழுக்கும் விசை 345 நியூட்டன். மெதுவான வேகத்து அளவைச் சேவைச் சாலையில் எடுத்தோம். 30இலிருந்து 20க்கு இறங்க 21 விநாடி, அதாவது 140 நியூட்டன். வேகம் மூன்று மடங்குக்குச் சற்றே கூடியபோது இழுவை இரண்டரை மடங்காகியிருக்கிறது; மெதுவாகப் போகும்போது டயரும், வேகமாகப் போகும்போது காற்றும் அதில் பெரும்பங்கு எடுத்துக்கொள்கின்றன.

வேகமெடுக்கும் ஓட்டத்தை ஒரு திசையில் ஆறு, எதிர்த் திசையில் ஆறு என்று செய்தோம். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து, 80இலிருந்து 88 வரையிலான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதன் நடுப்புள்ளி ஏறத்தாழ 5,900 சுழற்சி. லாரியின் காற்று பட்ட இரண்டு ஓட்டங்களைக் கழித்துவிட்டோம். கிழக்கே போகும்போது 1.33 விநாடியும் மேற்கே வரும்போது 1.42 விநாடியும் சராசரியாக வந்தன. கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்த சாலையில் அரை சதவீதச் சரிவு இருந்திருக்கிறது; ஒரே திசையில் மட்டும் ஓட்டியிருந்தால் அதுவே மூன்று சதவீதப் பிழையாகியிருக்கும். இரண்டு திசைகளின் முடுக்கத்தையும் சராசரியாக்கினால் விநாடிக்கு விநாடி 1.618 மீட்டர். அதை 1,141ஆல் பெருக்கினால் 1,846 நியூட்டன். பின்னிழுவையின் 345ஐச் சேர்த்தால் 2,191. இதை வேகத்தால், அதாவது விநாடிக்கு 23.33 மீட்டரால் பெருக்கினால் 51.1 கிலோவாட், 69.5 பிஎஸ்.

ஆனால் இது கோவையின் காற்றில் கிடைத்த எண். என்ஜின் இழுக்கும் காற்றின் அடர்த்திக்கேற்பத் திறன் மாறும் என்பதால், ஒழுங்குமுறை எல்லாச் சோதனைகளையும் ஒரே காற்றுக்குத் திருப்புகிறது: வெப்பநிலை 25 டிகிரி, ஈரப்பதத்தின் பங்கைக் கழித்த உலர்காற்றின் அழுத்தம் 99 கிலோபாஸ்கல். டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜினுக்கு, 99ஐ அன்றைய உலர்காற்று அழுத்தத்தால் வகுத்து 1.2 அடுக்குக்கு உயர்த்தி, கெல்வினில் எடுத்த வெப்பநிலையை 298ஆல் வகுத்து 0.6 அடுக்குக்கு உயர்த்தி, இரண்டையும் பெருக்க வேண்டும். இந்த இடத்தில் நான் செய்த தவறுதான் இந்த முழு வேலையிலும் மிகப் பெரியது. அழுத்தத்தை வானிலைச் செயலியிலிருந்து எடுத்தேன். அது 1010 ஹெக்டோபாஸ்கல் என்றது. அதை வைத்துக் கணக்கிட்டால் திருத்தக் காரணி ஏறத்தாழ ஒன்று, அதாவது திருத்தமே தேவையில்லை என்று வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: செயலிகள் காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கைபேசிக்குள்ளேயே இருக்கும் அழுத்த உணரி அதே காலையில் 965, அதாவது 96.5 கிலோபாஸ்கல், என்று குறித்து வைத்திருந்தது. விடியற்காலை 23 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்பதால் நீராவியின் பங்கு 2.25 கிலோபாஸ்கல், அதைக் கழித்தால் உலர்காற்று 94.25. இப்போது காரணி 1.057. ஒரே ஒரு எண்ணை எங்கிருந்து எடுத்தோம் என்பதில் ஆறு சதவீதம் அடங்கியிருந்தது.

இந்தக் காரணி 0.93க்கும் 1.07க்கும் இடையில் இருந்தால் மட்டுமே சோதனை செல்லும் என்றும் ஒழுங்குமுறை சொல்கிறது. நாங்கள் அதற்கு முந்தைய ஞாயிறு பிற்பகலில், 34 டிகிரி வெயிலில் ஓட்டிய ஓட்டங்களுக்கு 1.076 வந்தது, ஆகவே அவற்றைத் தூக்கி எறிந்தோம். கோவையில் கோடைப் பிற்பகலில் திறந்த வெளிக் காற்றைக் கொண்டு இந்த விதிப்படி ஒரு பெட்ரோல் என்ஜினைச் சோதிக்க முடியாது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நம்மூர்த் தோட்டத்து ஐந்து எச்பி மோட்டாருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை.

திருத்தத்துக்குப் பிறகு சக்கரத்தில் 54 கிலோவாட், 73.4 பிஎஸ். எங்கள் ஐயங்களையெல்லாம் சேர்த்தால் ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம். சொல்லப்பட்ட 61க்கு இன்னும் 7 கிலோவாட் மீதம். கியர்ப் பற்களும் டிஃபரன்ஷியலும், சுமையில் நழுவும் டயரும் அதைத் தின்றிருக்க வேண்டும். இவற்றோடு, மேடையில் ஒரு நிமிடம் நிலையாக நிற்கும் என்ஜினுக்கும் சாலையில் ஒன்றரை விநாடிக்குள் ஓடிக் கடக்கும் என்ஜினுக்கும் இடையிலான வேறுபாடு, பல ஆண்டுத் தேய்மானம், இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஆகியவையும் அந்த ஏழுக்குள்தான் இருக்கின்றன. எது எவ்வளவு என்று சாலையில் பிரிக்க வழியில்லை.

அதனால் நகரில் உள்ள ஒரு ட்யூனிங் பட்டறையின் ரோலர் டைனோவில் காரை ஏற்றினோம். முன் சக்கரங்கள் உருளைமேல் நிற்க, பட்டைகளால் இழுத்துக் கட்டி, நான்காம் கியரில் ஓட்டினார்கள். திரையில் '86' என்று வந்தது. புதுக் காருக்குச் சொன்னதைவிட மூன்று கூடுதல்! மருமகன் கைதட்டினான்; எனக்கு ஐயம் வந்தது. அமைப்புகளைத் திறந்து காட்டச் சொன்னோம். அளக்கப்பட்ட எண் 66.5 பிஎஸ். அதைக் காற்றுத் திருத்தம் 1.10ஆல் பெருக்கி 73.2 ஆக்கியிருந்தது மென்பொருள். பிறகு 'டிரைவ்லைன் இழப்பு 15 சதவீதம்' (என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் வீணாவது) என்று யாரோ எப்போதோ இட்டு வைத்த எண்ணால் வகுத்து 86 ஆக்கியிருந்தது. திருத்த முறையைப் பட்டியலிலிருந்து 'எஸ்டிடி' (வேறொரு தரக் காற்றுக்குத் திருப்பும் பழைய முறை) என்று மாற்றினால் அதே ஓட்டம் ஏறத்தாழ நான்கு சதவீதம் கூடி 89ஐத் தாண்டியது. கார் ஓடாமலேயே திறன் ஏறியதை அன்றுதான் பார்த்தேன்.

காரணி ஏன் 1.10 என்று தேடினோம். பட்டறையின் வெப்ப உணரி, ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று நேராக அடிக்கும் தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. 46 டிகிரி காட்டியது. காரின் மூக்குக்கு முன்னால், ஏர் ஃபில்டர் காற்றை இழுக்கும் இடத்தில், என் வெப்பமானி 33 காட்டியது. 33ஐக் கொடுத்தால் காரணி 1.074, சக்கரத் திறன் 71.4.

மிச்சமிருந்தது லோட் செல். பட்டறை உரிமையாளர் சலிக்காதவர். அளவு சரிபார்க்க மாட்டும் நெம்புகோல் கையை அவரே அலமாரியின் பின்னாலிருந்து தேடி எடுத்தார், துடைக்க வேண்டியிருந்தது. மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் தொலைவில், பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிய முத்திரையிட்ட எடைக்கற்களில் 20 கிலோவைத் தொங்கவிட்டோம். 117.7 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டிய திரை 121 காட்டியது, 2.8 சதவீதம் கூடுதல். அதைக் கழித்தால் 69.5 பிஎஸ். சாலையில் கிடைத்த 73.4ஐவிட இது நான்கு குறைவு. உருளையின் வளைவில் அழுந்திய டயர், பட்டையின் இறுக்கம், நான்காம் கியரில் சக்கரம் சுற்றும் கூடுதல் வேகம் ஆகியவற்றுக்கு அந்த நான்கில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் ஐந்து சதவீத ஐயத்தின் எல்லையை ஒட்டியே அது இருக்கிறது. 15 சதவீதம் என்ற எண்ணை மட்டும் நான் ஏற்கவில்லை. அறிவித்த 83 சரி என்று முன்கூட்டியே நம்பினால்தான் இழப்பு எவ்வளவு என்று சொல்ல முடியும். அந்த இழப்பை வைத்தே 83ஐச் சரிபார்த்தேன் என்று சொன்னால், பூனை தன் வாலைத் துரத்துவது போலத்தான்.

காரின் கையேட்டில், 61 கிலோவாட் என்ற வரிக்குப் பக்கத்தில், பென்சிலால் எழுதி வைத்தோம்: சக்கரத்தில், இரண்டாம் கியரில், 5,900 சுழற்சியில், 23 டிகிரி, உலர்காற்று 94.25, ஏசி இல்லாமல், திருத்தக் காரணி 1.057, 54 கிலோவாட், ஐந்து சதவீதம் முன்பின்.

பட்டறைக்காரர் உணரியைத் தூணிலிருந்து கழற்றி விசிறிக்கு முன்னால் மாட்டிவிட்டார். லோட் செல்லையும் எடைக்கற்களை வைத்தே திருத்திக்கொண்டார். அடுத்த வாரம் அழைத்தபோது சொன்னார்: "அண்ணா, போன மாசம் வந்த ஒருத்தர் வண்டி திரும்ப வந்துச்சுங்க. அஞ்சு எச்பி குறைஞ்சிருக்கு, என்னத்தைக் கெடுத்தீங்கன்னு கேக்கறார். உங்க நம்பரைக் குடுக்கட்டுங்களா?"